என் ஆல்பத்தில் எல்லாம் வால்தான்

என்னிடம் கூழைக்கடாவின் வால் இருக்கிறது. பாம்புத்தாராவின் வால் இருக்கிறது. ஏர்பஸ் வால் ஒன்று, போயிங் வால் இரண்டு, எந்தப் பறவையுடையது என்று இன்றுவரை தெரியாத வால் ஒன்று. பத்து வருடமாகப் பறப்பவற்றைப் படமெடுக்கிறேன். நான் பட்டனை அழுத்தும்போது எல்லாம் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன என்பதற்கு என் ஹார்டு டிஸ்க்கே சாட்சி.

தலை விழுந்த படமும் ஒன்றிரண்டு உண்டு. அதில் ஃபோகஸ் இருக்காது.

இத்தனைக்கும் காரணம் லென்ஸ்தான் என்று நான் முடிவு கட்டியதில் உங்களுக்கு ஆச்சரியம் இருக்காது. தோசை பிய்ந்தால் கல்லைத் திட்டுகிற வம்சத்தில் வந்தவர்கள் நாம்.

நான் வாங்கியது கேனன் 1200டி. அதோடு ஒரே டப்பாவில் இரண்டு லென்ஸ் கொடுத்தார்கள்: 18-55, 55-250. சின்னதில் ஃபேமிலி எடுங்க சார், பெரிசில் பறவை எடுங்க சார் என்று கடைப் பையன் பாடம் சொன்னான். ஃபேமிலி கூப்பிட்டால் நின்றது. பாடத்தின் இரண்டாம் பகுதியில்தான் நான் ஃபெயில்.

அந்த கேமராவில் சென்சார் சின்னது, அதனால் 250-ஐ 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், 400 வரும் என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து 400 லென்ஸ் வைத்திருக்கிறேன் என்று ஆபீஸெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லென்ஸ் ஒரு இம்மிகூட நீளவில்லை, சின்ன சென்சார் படத்தின் ஓரங்களைக் கத்தரித்துவிடுகிறது, அவ்வளவுதான் என்று பிற்பாடு புரிந்தது. வேட்டியின் கரையை வெட்டி எறிந்துவிட்டு, நடுத்துணி பெரிசாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அந்த லென்ஸுக்கும் காலம் வந்தது. மரியாதையாக வைத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று அதைத் தோல் உறையில் போட்டு, பீரோவில் மனைவியின் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் படுக்கவைத்து, துணைக்கு இரண்டு அந்துருண்டையும் போட்டேன். சென்னையின் ஈரக்காற்று, பீரோ இருட்டு, தோல் உறை. பூஞ்சைக்கு இதைவிட வசதியான லாட்ஜ் எங்கே கிடைக்கும்? எட்டு மாதம் கழித்து எடுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்கண்ணாடியில் கிளை கிளையாக வெள்ளை நரம்பு ஓடியிருந்தது. அந்துருண்டைக்கு அந்துப்பூச்சியைத்தான் தெரியுமாம். புடவைகள் பத்திரமாக இருந்தன.

ஆக, புது லென்ஸ். ஆராய்ச்சி மூன்று மாதம் நடந்தது.

எக்ஸெல் ஷீட் போட்டேன். கேனன் 100-400 இரண்டாம் மாடல், டாம்ரான் 150-600 ஜி2, சிக்மா 150-600 கன்டெம்பரரி. எடை, நீளம், விலை, அபர்ச்சர் என்று 23 காலம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், எனக்கு ஆசை இருந்த சிக்மா மூன்றாவதாக வந்தது. அப்புறம் மதிப்பெண்களைத் திருத்தினேன். அதற்கு மட்டும் ஒரு வாரம் ஆனது.

யூடியூபில் லென்ஸ் விமர்சனம் பண்ணுகிறவர்கள் எல்லோரும் செங்கல் சுவரைப் படமெடுக்கிறார்கள். மூலையில் இருக்கிற செங்கல் எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்று பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். நானும் ராத்திரி ஒரு மணிவரை கண் எரிய எரிய செங்கல் பார்த்தேன். எந்த லென்ஸில், எந்த அபர்ச்சரில், எந்த மூலைச் செங்கல் மங்கும் என்பது இன்றைக்கும் எனக்கு அத்துப்படி. வீடு கட்டுகிற யாராவது கேட்டால் சொல்லலாம்.

எம்டிஎஃப் சார்ட் என்று ஒன்று இருக்கிறது. லென்ஸின் ஜாதகம் மாதிரி. கோடு மேலேயே போனால் நல்லது, ஓரத்தில் தொப்பென்று விழுந்தால் கெட்டது என்கிற மட்டில், ஈ.சி.ஜி.யைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாமனார் போல, நானும் தலையாட்டிக்கொண்டே பார்த்தேன். எல்லாக் கோடும் ஓரத்தில் விழத்தான் செய்தது.

400 போதுமா, 600 வேண்டுமா என்பதுதான் பெரிய வழக்கு. கணக்கு என்னவோ சுலபம். 50 மீட்டர் தள்ளி நிற்கிற நாரை 600-ல் எத்தனை பெரிசாகத் தெரியுமோ, 33 மீட்டருக்குப் போனால் 400-லும் அத்தனை பெரிசாகத் தெரியும். வித்தியாசம் 17 மீட்டர். எங்கள் தெருவில் இரண்டு வீடு, ஒரு இஸ்திரி வண்டி. அந்தத் தூரத்தை நடக்கலாமே என்று மனசாட்சி கேட்டது. வேடந்தாங்கலில் அந்த 17 மீட்டரும் தண்ணீர்தானே என்று எதிர்வாதம் வைத்தேன். மனசாட்சிக்கு வேடந்தாங்கல் தெரியாது, ஒப்புக்கொண்டது.

வாங்குவதற்கு முந்தின நாள் வீட்டில் பேச்சு வந்தது.

"எவ்வளவுங்க?"

"மாசம் ஐயாயிரத்துச் சொச்சம்."

"எத்தனை மாசம்?"

"கொஞ்சம் காபி குடும்மா."

காபி வந்தது. கூடவே பெருக்கின தொகையும் வந்தது.

சிக்மாவின் எடை 1.93 கிலோ. ஷீட்டில் படிக்கும்போது பொருட்டாகத் தெரியவில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது ஆடக் கூடாது என்று உங்களை நீங்களே அதட்டிப் பாருங்கள். 20 விநாடிக்கு மேல் தாங்கினால் நீங்கள் என்னைவிட 12 விநாடி பலசாலி.

ஆனால் கௌரவம் வந்ததை மறைக்கக் கூடாது. முன்னால் ஹூட் மாட்டி, 600-க்குத் திருகினால், அது நீண்டு ஒரு சின்ன பீரங்கி போல ஆகிவிடும். பார்க்கிறவர்கள் எல்லாம் "எந்த சேனல் சார்?" என்று கேட்டார்கள். சேனல் இல்லை என்றதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கச் சகிக்காமல், "ஃப்ரீலான்ஸ்" என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஃப்ரீதான்.

லென்ஸின் வாய் 95 மில்லிமீட்டர், எங்கள் வீட்டு டபரா அகலம். அந்த அளவுக்கு நல்ல ஃபில்டர் வாங்கினால் இன்னொரு இஎம்ஐ போடவேண்டும். கீறல் விழாமல் இருந்தால் போதாதா என்று இருப்பதிலேயே மலிவாக ஒன்றை வாங்கி மாட்டினேன். அதற்கப்புறம் ஐந்து மாதம், எடுத்த படமெல்லாம் எண்ணெய்த் தாள் வழியாகப் பார்த்தது போலவே இருந்தது. லென்ஸே கோளாறு என்று சர்வீஸுக்கு அனுப்பப் பார்சல் கட்டும்போதுதான், ஃபில்டர் காணாமல் போய்விடுமே என்று அதைக் கழற்றினேன். சும்மா இருக்கட்டும் என்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்த காக்காயை ஒரு க்ளிக். கழுத்துச் சாம்பலில் இறகு இறகாக எண்ணலாம் போலிருந்தது. ஒரு லட்ச ரூபாய்க் கண்ணாடிக்கு முன்னால் நான் ஒரு ஜன்னல் கண்ணாடியை மாட்டி வைத்திருந்திருக்கிறேன்.

அந்த உற்சாகத்தில் அடுத்த ஞாயிறே வேடந்தாங்கல்.

வேடந்தாங்கல் ஏரியின் மரங்கள் சீசனில் மரமாகவே தெரியாது. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன் என்று கிளைக்குக் கிளை குடித்தனம். அந்த எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் சுற்றுவட்டார வயல்களுக்கு உரம், அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளை யாரையும் தொடவிடுவதில்லை. கரையில் ஒரு கிளைக்கு அடியில் நின்று இந்தப் பெருமையை நினைத்துக்கொண்டிருந்தபோது, என் தோளுக்கும் கொஞ்சம் உரம் கிடைத்தது.

600-ல் பறவையைத் தேடுவது என்றால் என்ன என்று எந்தச் செங்கல் வீடியோவும் சொல்லவில்லை. பப்பாளி இலைக் காம்பின் ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான். பறக்கும் கூழைக்கடா வெறுங்கண்ணுக்கு ஒரு கட்டில் அகலம் இருக்கும். காம்பு வழியாகப் பார்த்தால் நீலம். கொஞ்சம் திருப்பினால் வேறொரு நீலம். இன்னும் திருப்பினால் கிளை, பிறகு சற்றுத் தள்ளி நின்றவரின் காது. காது மட்டும் நல்ல ஃபோகஸில் இருந்தது.

150-ல் வைத்துப் பறவையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் 600-க்குத் திருக வேண்டும் என்று கரையில் ஒரு காலேஜ் பையன் பாவப்பட்டுச் சொல்லிக்கொடுத்தான். அருமையான யோசனை. 150-ல் வைத்தேன், கூழைக்கடா உள்ளே வந்தது, திருகினேன். வளையம் அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் திருகினேன். கழுத்தில் தொங்கும்போது தானாக நீண்டுவிடாமல் இருக்க ஒரு லாக் உண்டு. பையனிடம் பாடம் கேட்க லென்ஸைச் சுருக்கிக் கழுத்தில் தொங்கவிட்டபோது நானேதான் அதைப் போட்டிருந்தேன். "அங்கிள், லாக்கு" என்று பையன் சொன்ன நேரத்தில் கூழைக்கடா மதுராந்தகம் பக்கம் போய்விட்டது. வால் படம் ஒன்று தேறியது.

பத்து மணிக்கு மேல் எடுத்ததெல்லாம் கொதிக்கிற ரசத்துக்குள் நிற்கிற நாரைகள். வெயில் ஏறினால் கரைக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று நெளியும். அந்த நெளிவையும் சேர்த்துத்தான் லென்ஸ் பெரிதாக்கும், அதற்கு மேல் விலை கொடுத்தாலும் அந்தக் காற்றை நேராக்க முடியாது. விடியற்காலையில் வந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. நான் வழியில் டிபன் சாப்பிட்டேன். பொங்கல் நன்றாக இருந்தது.

சரி, பறவைக்குத்தான் உயிர் இருக்கிறது, இஷ்டப்படி போகும். விமானம் டைம்டேபிள்படி வருமே என்று கட்சி மாறினேன். பரங்கிமலை மேலே ஏறினால் மீனம்பாக்கம் ரன்வே தெரியும். போனில் ஃப்ளைட்ரேடார் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், எது எங்கிருந்து வருகிறது என்று வானத்துக்கே ஜோசியம் சொல்லலாம். எனக்கு வாய்த்தது இரண்டு புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர். பறப்பதற்கெல்லாம் ஷட்டர் 2000-ல் ஒன்று வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தேனா, வைத்தேன். லாக் திறந்திருந்தது, முழு விமானமும் ஃபிரேமில் இருந்தது, ஃபோகஸும் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக முகம், வால் இரண்டும் ஒரே படத்தில்.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். முதல் பதில் கோயம்புத்தூர் அத்தையிடமிருந்து: "ஐயோ, காத்தாடி நின்னு போச்சே, உள்ள இருந்தவங்க என்ன ஆனாங்க?"

அத்தை சொன்ன பிறகுதான் பார்க்கிறேன். அத்தனை வேகமான ஷட்டரில் புரொப்பெல்லர் அப்படியே உறைந்துபோய், இன்ஜின் நின்ற விமானம் அந்தரத்தில் தொங்குவது போல இருந்தது. அது சுழல்வது படத்தில் தெரிய வேண்டுமானால் 125-ல் ஒன்று, 250-ல் ஒன்று என்று ஷட்டரை இறக்கி, விமானத்தோடு சேர்ந்து கேமராவையும் ஒரே சீராகத் திருப்ப வேண்டுமாம். அடுத்த வாரம் 125-ல் வைத்துத் திருப்பினேன். புரொப்பெல்லர் அழகாகச் சுழன்றது. விமானமும் சுழன்றது. பின்னால் இருந்த பல்லாவரமும் சுழன்றது.

2023 பிப்ரவரியில் பெங்களூரு யெலஹங்காவில் ஏரோ இந்தியா. டிக்கெட் எடுத்து, லீவு போட்டு, லென்ஸை இரண்டு துண்டில் சுற்றிப் பையில் வைத்து ராத்திரி ரயில் ஏறினேன். மயில் வரைந்த சாரங் ஹெலிகாப்டர்கள் முதலில் வந்தன. எல்லாம் மங்கல். பதற்றம் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தேன். பிறகு சூரிய கிரண், ஒன்பது ஹாக் விமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் பறந்து வந்தன. மக்கள் கத்துகிறார்கள், பக்கத்தில் ஒரு குழந்தை தோளில் குதிக்கிறது, நான் விடாமல் அடிக்கிறேன், ஸ்கிரீனில் ஒன்பது பஞ்சு உருண்டைகள்.

எல்லாம் முடிந்து புகை மட்டும் மிதந்துகொண்டிருந்தபோதுதான் லென்ஸின் பக்கவாட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு சுவிட்ச். எவ்வளவு தூரத்துக்குள் ஃபோகஸ் தேட வேண்டும் என்று லென்ஸுக்குச் சொல்கிற சுவிட்ச். துண்டில் உரசி உரசி அது 2.8 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை என்கிற இடத்துக்கு நகர்ந்திருந்தது. லென்ஸ் விசுவாசமாகப் பத்து மீட்டருக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒன்பது விமானங்களும் அதன் விருப்பப்படி பத்து மீட்டருக்குள் வந்திருந்தால், இந்தப் பத்தியை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

சுவிட்சைத் தள்ளிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். காலி வானத்தில் ஒரே ஒரு கரும்பருந்து. கண்காட்சிக்காகப் பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லியிருந்தார்கள். கழிவுக்குப் பருந்து வரும், வந்தால் விமானத்தில் மோதும் என்பதற்காக. அத்தனை கட்டுக்காவலையும் தாண்டி எனக்காகவே வந்தது போல் அது ஒரு வட்டம் போட்டது. கண், அலகு, சிறகு நுனி எல்லாம் கச்சிதமாக விழுந்தது. இன்றுவரை என்னுடைய ஆகச் சிறந்த படம் அதுதான்.

"பெங்களூர் போய் பருந்தா? நம்ம மொட்டை மாடியிலயே தினம் சுத்துதே" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் பிழை இல்லை. தினம் சுற்றத்தான் செய்கிறது.

கடைசியாக ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரி. கரை நெடுக நான் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு மீன்கொத்தியைத் துரத்திக்கொண்டிருந்தேன். நான் பத்தடி போனால் அது நூறடி போகும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "இப்டி அலைஞ்சா எது நிக்கும்? சும்மா குந்துப்பா கொஞ்ச நேரம், அதுவா வரும்" என்றார். வேறு வழியில்லை, குந்தினேன். முக்கால் மணி நேரம். கால் மரத்துப்போய், எறும்பு ஏறி, நானே ஒரு கரைக்கல் ஆகிவிட்ட நேரத்தில் அது வந்தது. எனக்கு நேர் எதிரே, வலைக்காக நட்டிருந்த முளைக்குச்சியில் உட்கார்ந்தது. காப்பிப்பொடி நிறத் தலை, வெள்ளைத் தொண்டை, முதுகில் அந்த நீலம். சிவப்பு அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது. இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம்.

மெதுவாக லென்ஸைத் தூக்கினேன். லாக் இல்லை. சுவிட்ச் சரி. ஷட்டர் சரி. ஃபில்டர் என்றைக்கோ குப்பைக்குப் போய்விட்டது. பட்டனைப் பாதி அழுத்தினேன். படம் ஒரு முறை மங்கியது, இன்னும் மங்கியது, திரும்ப முதல் மங்கலுக்கே வந்து நின்றது. 2.8 மீட்டருக்குக் கிட்டே எது இருந்தாலும் இந்த லென்ஸுக்குக் கண் தெரியாது. என் எக்ஸெல் ஷீட்டில் அது 19-ஆவது காலம். சிக்மாவை ஜெயிக்கவைக்க நான் மதிப்பெண் திருத்திய காலங்களில் அதுவும் ஒன்று.

குந்தின வாக்கிலேயே பின்னால் நகர்ந்தேன். 80 சென்டிமீட்டர் போதும். 50 நகர்ந்தபோது கரைச்சரிவு வந்துவிட்டது. போனில் எடுக்கலாம் என்றால், அதன் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மீன்கொத்தி குனிந்து பார்த்தது, விழுந்தது, ஒரு சின்ன மீனோடு அதே குச்சிக்கு வந்தது, இடமும் வலமுமாக இரண்டு அடி அடித்து, தலை முதலில் போகிறபடி திருப்பி விழுங்கியது. சாவகாசமாக அலகைக் குச்சியில் துடைத்துக்கொண்டு போனது.

"எடுத்தியா?" என்றார் பெரியவர்.

"எடுத்துட்டேன் தாத்தா."

"எங்க, காட்டு."

கேமராவைத் தடவித் தடவி, கடைசியில் யெலஹங்காவைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது பருந்தாச்சே" என்றார்.

இப்போது எக்ஸெல் ஷீட்டில் நாலாவதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. 2023 கடைசியில் கேனன் 200-800 என்று ஒன்றை விட்டிருக்கிறார்கள். என் பழைய கேமராவில் அது மாட்டாது, பாடியும் புதிதாக வாங்க வேண்டும். வீட்டில் இன்னும் பேச்சு எடுக்கவில்லை. காபிப்பொடி மட்டும் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

அதுவரைக்கும் உங்களிடம் ஒரு உதவி. செங்கல்பட்டுப் பக்கம் எந்த ஏரியிலாவது முளைக்குச்சி மேல் அந்த மீன்கொத்தியைப் பார்த்தீர்களானால், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். மூன்று மீட்டர் போதும்.